தலைக்கணக்கு

ஆளுக்கு இரண்டு ஸ்வோட்டி.
ஓராண்டு நிரம்பாத பிள்ளைக்கு விலக்கு.
ஆயிரத்து எழுநூற்று அறுபத்தைந்து, ஜனவரி.
லித்துவேனியக் காட்டோரம், வெல்பிஷ்கி என்னும் சிற்றூரில்
யூத வீடுகளை எண்ணிக்கொண்டு போனவனுக்கு
விரல் விறைத்திருக்க வேண்டும்:
ஏழாம் பக்கத்திலிருந்து எழுத்து சாய்கிறது.
கூடவே ரபியும்
தொழுகைக்கூடத்துப் பணியாளும் நடந்தார்கள்,
ஒரு தலையும் மறைக்கவில்லை என்று
கடைசியில் சத்தியம் செய்ய.

பதினொன்றாம் வீடு.
கல்மன் ஃபைவிஷோவிச், மதுக்கடைக் குத்தகை.
மனைவி ட்ரெய்னா.
மகள் எல்கா.
ஆக, தலை மூன்று.

பத்தொன்பது ஆண்டு கழித்து இன்னொரு ஏடு,
வேறு கை, கெட்டி மை.
அதே வீடு. கல்மன், பார்வை இல்லை.
ட்ரெய்னா இல்லை, ஏன் என்றும் இல்லை.
மகன் ஸுண்டல், வயது இருபத்திரண்டு.
அவன் மனைவியின் பெயர் இருந்த இடத்தில்
பூச்சி தின்ற ஓட்டை;
அதன் வழியே அடுத்த பக்கத்துக் கொல்லன் தெரிகிறான்.

இருபத்திரண்டில் பத்தொன்பது போனால் மூன்று.
மூன்று வயது:
ஓடும், பேசும், பசித்தால் ஊரைக் கூட்டும்.
அதை எங்கே வைப்பாய், ட்ரெய்னா?
அடுப்பின் மேல் பரணிலா?
முட்டைக்கோஸ் பீப்பாயிலா?
எண்ணி முடித்த பத்தாம் வீட்டுக்குக்
கொல்லைப்புறமாகக் கடத்திவிட்டாயா?
தலைமறைவு என்ற சொல்
இவ்வளவு சின்னத் தலைக்கு
ஒருபோதும் பொருந்தியதில்லை.

பீப்பாய் என் சரக்கு. தாளில் பீப்பாய் கிடையாது.
வயதும் பொய்யாக இருக்கலாம்,
அன்று வயது என்பது உத்தேசம்.
செத்த தம்பியின் பிள்ளையைக் கல்மன்
மகன் என்று எழுத வைத்திருக்கலாம்.
ஆனால் மொண்டெவிடியோவில் பல் பிடுங்கி
எனக்கு மணிக்கணக்கில் கூலி அனுப்பும் ஃபெலிசியாவுக்கு
‘லாம்’ வேண்டாம்.
தலைமுறை அறுபடாமல் வேண்டும்.

வாசிப்பறையில் ஜிவிலே
பூட்டும் நேரத்துக்குக் கால்மணி முன்பு
டார்ச்சை இரவல் தந்தாள்.
பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தேன்.
‘மூன்று’ என்ற எழுத்துக்கு அடியில் தாள்
மயிரெழும்பிக் கிடக்கிறது.
கத்தியால் சுரண்டியிருக்கிறான்.
முதலில் எழுதியது நான்கு.

பார்த்துவிட்டான்.
பரணிலோ, பீப்பாயிலோ, பாவாடைக்குப் பின்னாலோ
இரண்டு கண்களைப் பார்த்து, எழுதி,
பிறகு கத்தியை எடுத்தான்.
ஒரு குவளைச் சாராயத்துக்கா
இரக்கத்துக்கா,
சுரண்டிய தாள் சொல்லாது.
தலை தப்பியது என்று நாம் சொல்கிறோமே,
இரண்டு ஸ்வோட்டிக்கு அது
இப்படித்தான் தப்பியது.

அந்தக் கத்தி எவ்வளவு கவனமாய் விட்ட இடத்தில்
இன்று நான் பென்சிலை வைக்கிறேன்:
மகன் ஒருவன், கணக்கில் வராதவன்.
பொல்லாத உத்தியோகம்.
அரசு போய், நாணயம் போய், வெல்பிஷ்கியில்
எண்ணுவதற்கு யூதர் ஒருவரும் மிஞ்சாத பிறகும்
கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்
தண்டல்காரி நான்.

ஃபெலிசியா ஒரே வரியில் பதில் போட்டாள்:
அழுதாளாம், மீதிப் பணம் வெள்ளிக்கிழமை.

எல்காவைப் பற்றி அவள் கேட்கவில்லை.
ஒளியாதவள். நின்று, பெயர் சொல்லி,
வரி கட்டப்பட்டவள்.
அடுத்த ஏட்டில் அவள் இல்லை.
பக்கத்து ஊர்களில் எல்கா என்று
ஆறு மனைவிகள் இருக்கிறார்கள்,
ஒருத்திக்கும் தகப்பன் பெயர் எழுதப்படவில்லை.
ஒளித்தவன் கிடைத்துவிட்டான்,
எண்ணியவள் தொலைந்துவிட்டாள்.

நாளைக்கு இரண்டு கட்டு கேட்டுச் சீட்டு எழுதியிருக்கிறேன்.
கூலி யார் பெயரில் என்ற கட்டத்தை
ஜிவிலே காலியாகவே விட்டுவிட்டாள்.